கடிதத்தில் இருந்த ‘ஈ’: ஒரு மொழிபெயர்ப்புத் தவறின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றக் கட்டடங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் ஒரு மாடி அறை, நான்கு மேசை, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு போட்டோ கொப்பி மெஷின். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும்தான் அன்றாட வேலை. இடையிடையே சட்டத்தரணிகளின் கடிதங்களும் வரும். நாட்டின் அரசகரும மொழிகள் சிங்களமும் தமிழும் என்றாலும், கொழும்பில் வியாபாரம் சம்பந்தப்பட்ட சட்டக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. பெறுகிறவருக்கு அது விளங்குமா என்று எழுதுகிறவர் யோசிப்பதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அதனால்தான் வேலை கிடைக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்த நிகழ்வில் நான்கு பேர். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும், அறுபது வயது தாண்டிய வியாபாரி ஒருவர். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான இளம் மொழிபெயர்ப்பாளர். முத்திரை குத்திக் கையொப்பமிடும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். அப்புறம், பிரதிகளைச் சரிபார்க்கும் நான். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொல்லை மட்டும் மாற்றவில்லை.

கடிதம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வியாபாரி இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். கடைக் கட்டடத்தை அவருக்கு வாடகைக்குக் கொடுத்தவரின் சட்டத்தரணி அனுப்பியது. விஷயம் இதுதான். பதினைந்து வருடமாக ஒருவரிடம் வாடகை கட்டிவந்தார். அந்த ஒருவரின் தம்பி திடீரென்று வந்து, கட்டடம் தனக்குத்தான் சொந்தம், உறுதி தன்னிடம் இருக்கிறது என்றார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வியாபாரி இரண்டு பேருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டார். அண்ணனுக்கு, “நீங்கள் உரிமையாளரே இல்லை என்று சொல்கிறார்களே” என்று ஒரு துண்டுக் கடிதமும் எழுதிவிட்டார். அதற்கு வந்த பதில்தான் இது.

முதல் பக்கத்தின் கடைசிப் பந்தியில் ஒரு வினைச்சொல் இருந்தது. ஈ, எஸ், டீ, ஓ, பீ, பீ, ஈ, டீ. எஸ்டொப்ட். எமது கட்சிக்காரரின் உரித்தை மறுப்பதிலிருந்து நீங்கள் ‘எஸ்டொப்ட்’ என்று வசனம் சொன்னது. இரண்டாம் பக்கத்தில் அதே சொல் அதே எழுத்துகளோடு இன்னொரு தடவை வந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது கொப்பியின் கொப்பி. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி.

இளம் மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்த ‘ஈ’யைக் கைதவறி விழுந்த எழுத்து என்று எடுத்துக்கொண்டார். அதை நீக்கினால் எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்டொப்’தானே. சந்தேகம் வராமல் இல்லை, அகராதியையும் பார்த்திருக்கிறார். தொலைபேசியில் பார்த்த அகராதியில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் வரிதான் முதலில் கண்ணில் பட்டது: பழைய பிரெஞ்சு, ‘அடைத்தல், நிறுத்தல்’. ஊகம் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கீழே வாசிக்காமல் மூடிவிட்டார். தமிழ்ப் பிரதி இப்படி வந்தது: “எமது கட்சிக்காரரின் உரித்தை மறுப்பதிலிருந்து நீங்கள் நிறுத்தப்பட்டுள்ளீர்கள்.”

அலுவலகத்தின் அன்றைய வழக்கப்படி ஐந்து பக்கத்துக்கு மேற்பட்டவை மட்டுமே என் மேசைக்கு வரும். இது இரண்டு பக்கம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பெயர், திகதி, தொகை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பம் வைத்தார். அன்று பின்னேரமே பிரதி வியாபாரியின் கையில்.

நடந்தது

ஏழாம் நாள் காலையில் அவர் படியேறி வந்தார். உட்காரவில்லை. தாளை மேசையில் விரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, எந்தக் கோட்ஸ் ஓடர் போட்டது? எனக்கு ஒரு நோட்டீசும் வரேல்லையே.”

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. தாளை வாசித்த பிறகுதான் விளங்கியது. ‘நிறுத்தப்பட்டுள்ளீர்கள்’ என்று எழுதினால், யாரால் என்ற கேள்வி தமிழில் தானாக வந்துவிடும். சட்டத்தரணியின் கடிதத்தில் அப்படி இருந்தால், நிறுத்தியது நீதிமன்றமாகத்தானே இருக்க வேண்டும்? தனக்குத் தெரியாமலே வழக்குப் போட்டு, தடையுத்தரவும் எடுத்து, அதைக் கடிதத்தில் அறிவித்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அடுத்தது கடைக்கு சீல் வைக்க வருவார்கள் என்ற பயம். இரண்டு இரவு லொறி பிடித்து, தீபாவளிக்காக இறக்கிவைத்த சாரி மூட்டைகளில் பாதியை வத்தளையில் இருக்கும் மருமகன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கடையை மூன்று நாள் அரைக்கதவில் நடத்தியிருக்கிறார். புறக்கோட்டையில் தீபாவளிக்கு முன் மூன்று நாள் என்றால் என்ன என்பதை அந்தப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்தேன். நீதிமன்றம், வழக்கு இலக்கம், உத்தரவு எதுவும் அதில் இல்லை. இருந்தது ஒரு ‘ஈ’ மட்டும்தான்.

சொல்லை விசாரித்தது

அன்று மத்தியானம் இளம் மொழிபெயர்ப்பாளரும் நானும் அந்தச் சொல்லோடு உட்கார்ந்தோம். அவரைக் குற்றம் சொல்லும் மனநிலையில்தான் தொடங்கினேன். அரைமணி நேரத்தில் அது குறைந்துவிட்டது. அவருடைய ஊகம் முழுப் பிழை இல்லை. ‘எஸ்டொப்’பும் ‘ஸ்டொப்’பும் உண்மையிலேயே ஒரே வயிற்றில் பிறந்தவை.

லத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்றால், ஆளிச் செடியின் நாரைச் சீவும்போது மிஞ்சுகிற முரட்டுக் கழிவு நார். அந்தச் சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. அந்த நாரைத் துளையில், இடுக்கில் திணித்து அடைப்பது ‘ஸ்டுப்பாரே’. இந்த வினை இரண்டு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஜெர்மானிய மொழி பேசிய மக்கள் அதை வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலத்தில் அது அடைப்பதையே குறித்தது. நிறுத்துவது என்ற பொருள் பின்னால் வந்ததுதான். போத்தல் மூடியை ‘ஸ்டொப்பர்’ என்கிறோமே, அதில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற வழி பிரெஞ்சு. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றங்களில் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362இல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனாலும் சட்டக்காரர்கள் குறிப்பு எழுதும் மொழியாக அந்தப் பிரெஞ்சு பல தலைமுறைக்குக் கிடந்தது. ‘எஸ்டொப்’ அந்த மிச்சத்தில் ஒன்று. பெயர்ச்சொல் ‘எஸ்டொப்பல்’ என்பதும் அதே குடும்பம்தான். பழைய பிரெஞ்சில் பீப்பாய் அடைப்பானைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது.

சரி, முன்னால் அந்த ‘ஈ’ எப்படி வந்தது? இதைக் கண்டுபிடித்தவர் இளம் மொழிபெயர்ப்பாளர்தான், நான் இல்லை. எங்கள் அம்மம்மா ஸ்கூலை என்னவென்று சொல்லுவா என்று கேட்டார். இஸ்கூல். ஸ்டேஷன்? இஸ்டேசன். சொல்லின் தொடக்கத்தில் எஸ்ஸும் இன்னொரு மெய்யும் சேர்ந்து வந்தால் தமிழ் நாக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டு ஏணி வைத்துக்கொள்கிறது. பழைய பிரெஞ்சு நாக்கும் அதையேதான் செய்தது. நாம் இகரம் போட்டோம், அவர்கள் எகரம் போட்டார்கள். லத்தீன் ‘ஸ்கோலா’ அவர்களிடம் ‘எஸ்கோல்’ ஆகி, பிறகு எஸ்ஸும் தேய்ந்து இன்றைய பிரெஞ்சில் ‘எகோல்’ ஆனது. ‘ஸ்டுப்பா’வும் அப்படியே ‘எட்டூப்’ ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் இப்படி இரட்டைப் பிள்ளைகள் நிறைய உண்டு. ‘ஸ்டேட்’, ‘எஸ்டேட்’. ‘ஸ்பெஷல்’, ‘எஸ்பெஷல்’. ‘ஸ்ட்ரேஞ்ச்’, ‘எஸ்ட்ரேஞ்ச்’. எஸ்டேட்டில் இருக்கும் ‘ஈ’யை எழுத்துப்பிழை என்று மலையகத்தில் யாராவது சொல்லுவார்களா? எங்களைச் சிரிக்கவைத்த விஷயம் அந்தக் கடிதத்தின் தலைப்பிலேயே இருந்தது. பழைய மரியாதைப்படி வியாபாரியின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்குவயர்’ என்று போட்டிருந்தார்கள். ‘ஸ்குவயர்’ என்பதன் முன்னால் அதே ‘ஈ’. அதைப் பிழை என்று யாரும் வெட்டவில்லை.

எழுத்துக்கூட்டல் பற்றி இன்னும் ஒன்று. பிழையாக விழுந்த எழுத்து ஒரே கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி விழாது. இரண்டாம் பக்கத்தைப் பார்த்திருந்தாலே போதும். இறந்தகாலத்தில் பீ இரட்டிப்பது ‘ஸ்டொப்’பில் நடப்பது போலத்தான். பெயர்ச்சொல்லிலும் பீ இரண்டு. கடைசி எல் மட்டும் ஒன்று.

பொருள் எங்கே பிரிகிறது

பிறப்பு ஒன்று, தொழில் வேறு. இன்று ‘எஸ்டொப்’ என்பதைச் சட்டத்துக்கு வெளியே காண்பது அரிது. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகத்தான் வரும்: இன்னார் இன்னதை மறுப்பதிலிருந்து ‘எஸ்டொப்ட்’. இலக்கணப்படி அங்கே ஒரு ‘யாரால்’ தேவை. ஆனால் பதில் நீதிமன்றம் இல்லை, எதிராளியும் இல்லை. அவராலேயே. முன்பு அவர் சொன்ன சொல்லோ, செய்த செயலோ, சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்ததோ, இன்னொருவரை ஒன்றை நம்பவைத்து அதன்படி நடக்க வைத்துவிட்டது. இனி அதற்கு நேர்மாறாகப் பேச அவருக்கு இடமில்லை. 1628இல் ஆங்கிலேய நீதிபதி எட்வர்ட் கோக் இதை விளக்கும்போது, ஒருவனுடைய சொந்தச் செயல் அவன் வாயையே அடைத்து மூடிவிடுகிறது என்ற கருத்தில் எழுதினார். வாயில் நார் திணித்த மாதிரி. சொல்லின் மூலத்தை அவர் மறக்கவில்லை.

இலங்கையில் இதற்கான இடம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம். 1872இன் இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. 115ஆம் பிரிவு பொது விதி. 116ஆம் பிரிவு வாடகைக்காரருக்கானது: வாடகை தொடரும் காலத்தில், வாடகை ஆரம்பித்தபோது தனக்கு இடத்தைக் கொடுத்தவருக்கு உரித்து இருந்தது என்பதை வாடகைக்காரர் மறுக்க இடம் கொடுக்கப்படாது. வியாபாரியின் கடிதத்தில் சுட்டப்பட்டிருந்ததும் இதுதான். எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். ‘எஸ்டொப்பல்’ தலைப்பில்தான் நிற்கிறது. பிரிவின் வாசகம் ‘மறுக்க அனுமதிக்கப்படமாட்டார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. அருஞ்சொல்லை எப்படி உடைத்துச் சொல்வது என்பதை அந்தச் சட்டமே செய்து வைத்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, பழைய பிரதியிலேயே பேனாவால் திருத்தி ஒப்பம் வைப்பதா, புதிதாகக் கொடுப்பதா என்பது. திருத்தினால் பத்து நிமிட வேலை. ஆனால் அவர் ஏற்கெனவே கொப்பி எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்திருந்தார். திருத்தாத கொப்பிகள் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே புதிய பிரதி ஒன்றும், முந்திய திகதியிட்டது மீளப்பெறப்பட்டது, அதில் குறிப்பிட்ட வரி பிழை, எந்த நீதிமன்ற உத்தரவும் மூலத்தில் குறிப்பிடப்படவில்லை என்ற ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தோம். காசு வாங்கவில்லை, முதலில் வாங்கியதையும் திருப்பினோம். சாரி வியாபாரத்தில் போனதை எங்களால் திருப்ப முடியாது. அதையும் அவரிடம் நேராகச் சொன்னோம்.

இரண்டாவது கேள்விதான் கடினமாக இருந்தது: தமிழில் என்ன எழுதுவது? சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் உடனே ‘முரண்தடை’ என்றார். சட்டத் தமிழில் ‘எஸ்டொப்பல்’ என்பதற்கு வழங்கும் சொல் அது. நல்ல சொல்லும்கூட: முன்பின் முரணாகப் பேசுவதற்குத் தடை. ஆனால் வியாபாரி பயந்ததே தடையுத்தரவு என்று நினைத்துத்தான். அவர் கையில் ‘தடை’ என்று முடியும் இன்னொரு தாளைக் கொடுப்பதா? சோதித்துப் பார்ப்போம் என்று வாசித்துக் காட்டினேன். “அப்ப தடை இருக்குத்தானே?” என்றார்.

கடைசியில் எழுதியது இது: “எமது கட்சிக்காரரை உரிமையாளராக ஏற்று நீங்களே நடந்துகொண்டமையால், வாடகை ஆரம்பித்தபோது அவருக்கு இருந்த உரித்தை இப்போது மறுக்க உங்களுக்குச் சட்டப்படி இடமில்லை.” மூலத்தை விட நீளம். ‘நீங்களே’ என்பது மூலத்தில் தனிச் சொல்லாக இல்லை, வினைக்குள் ஒளிந்திருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இதில் என்னோடு இன்றைக்கும் உடன்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் விளக்கவுரை எழுதக் கூடாது, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரதியில் கலைச்சொல்தான் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. தாக்கல் செய்வதற்கு அவர் சொல்வது சரி. ஒருவர் தன் கடையில் உட்கார்ந்து வாசிப்பதற்கு என்னுடையது சரி என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் இரண்டாவது வகை. அதனால் வசனம் அப்படியே நின்றது. ‘முரண்தடை’ அடிக்குறிப்பில் போனது.

வியாபாரிக்கு விளங்கியது

புதிய வசனத்தை வாசித்தும் அவருக்கு முழுக்கத் தெளியவில்லை. இடமில்லை என்றால் யார் இடம் கொடுக்காதது? சட்ட ஆலோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை, சொன்னால் பிழையும்கூட. சொல்லை விளக்கலாம். நாரின் கதையைச் சொன்னேன், ஒரு நப்பாசையில்தான்.

அவர் வடக்கில் ஒரு கரையோர ஊர்க்காரர். கதை பாதியில் இருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். “கலப்பத்து!” என்றார். தகப்பனோடு வள்ளம் கட்டுமிடத்துக்குப் போன நாட்களைச் சொன்னார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சை முறுக்கி வைத்து, உளி மாதிரி ஒன்றால் தட்டித் தட்டி இறக்குவார்களாம். மேலே குங்கிலியமும் எண்ணெயும். சரியாக அடித்த இடுக்கில் நகம் போகாது என்று சொல்லிக்கொண்டே மேசைப் பலகையின் விளிம்பில் நகத்தை வைத்துக் காட்டினார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பதினைஞ்சு வருசம் வாடகைத் துண்டு வாங்கி வச்சது நான்தானே,” என்றார். “என்ர வாயில நானே கலப்பத்து அடிச்சிட்டன் எண்டு சொல்லுறாங்கள்.”

இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எங்களிடம் இருக்கவில்லை. முத்திரை குத்தித் தர முடியாது என்பதுதான் குறை. அது எதிர்த்தரப்பின் வாதம் மட்டுமே, தீர்ப்பு இல்லை, உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு

அவருடைய சட்டத்தரணி ஆங்கில மூலத்தையே வாசித்தார், ஆகவே எங்கள் பிழை அதற்கு மேல் போகவில்லை. 116ஆம் பிரிவில் ‘வாடகை ஆரம்பித்தபோது’ என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் உரித்து கைமாறியிருந்தால் அது வேறு கதை என்று அவர் பதில் எழுதியதாக வியாபாரி சொன்னார். பழைய பிரதியை நம்பி அவர் கழித்த ஏழு நாளைத் தவிர, மிச்சமெல்லாம் வழக்கமான வாடகைத் தகராறாகவே நடந்தது. நிலுவையை முதலில் வாடகைக்குக் கொடுத்த அண்ணனுக்கே கட்டினார். உரித்து யாருக்கு என்பதைச் சகோதரர்கள் தமக்குள் தீர்க்க ஒப்புக்கொண்டார்கள். கடை அதே இடத்தில் இருக்கிறது. வத்தளைக்குப் போன மூட்டைகளில் கொஞ்சம் ஈரம் பட்டு வீணாகிவிட்டது.

இளம் மொழிபெயர்ப்பாளர் வேலையை விடுகிறேன் என்றார். நான் விடவில்லை. அகராதியைத் திறந்த ஆள் அவர். திறந்து ஒரு வரியோடு மூடியதுதான் பிழை. திறக்காமலே கையொப்பம் வைத்தவர்களும், பக்கத்தை எண்ணி வேலையைப் பங்கிட்ட நானும் அந்த வரிசையில் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

மாற்றியவை

பக்கக் கணக்கை எடுத்துவிட்டோம். சட்டத்தரணிக் கடிதம் என்றால் அரைப்பக்கமானாலும் இரண்டாவது ஆள் வாசிக்க வேண்டும். ஒரு சொல்லை எழுத்துப்பிழை என்று சந்தேகித்தால், அந்த ஆவணத்தில் வேறெங்காவது அதே கூட்டலில் வருகிறதா என்று முதலில் தேட வேண்டும். அதன் பிறகும் பிழை என்று தோன்றினால், மௌனமாகத் திருத்தாமல், மூலத்தில் இப்படி உள்ளது என்று குறிப்பிட வேண்டும். செயப்பாட்டு வினை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ‘யாரால்’ என்று கேட்டு, மூலத்தில் பதில் உண்டா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடைசி ஒன்றுதான் பிறகு அதிகம் பயன்பட்டது. தமிழில் ‘பட்டது’ போட்டால் வசனம் கம்பீரமாக நிற்கும். செய்தவர் யார் என்பது மட்டும் காணாமல் போய்விடும்.

இளம் மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு ஒரு சிஆர் கொப்பியில், முன்னால் ‘ஈ’ வைத்த சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். இப்போது அதில் வேறு சட்டப் பிரெஞ்சுச் சொற்களும் ஏறியிருக்கின்றன.

வியாபாரி இன்னும் எங்களிடம்தான் வருகிறார். போன மாதம் மின்சாரக் கட்டண விஷயமாக ஓர் ஆங்கிலக் கடிதம் கொண்டுவந்தார். கவரைத் திறக்க முதலே கேட்டார்: “தங்கச்சி, இதில கலப்பத்து ஏதும் இருக்கோ?”